கோர் டம்ப் உள்ளே இல்லை, ஹோஸ்டில் தேடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில், ஒரே கணினியில் (ஹோஸ்டில்) நிரல்களைத் தனித்தனியே அடைத்து ஓட்டும் கண்டெய்னர்களைப் பற்றி வந்த கட்டுரை புதியவர்களுக்கும் புரியும்படி இருந்தது. கண்டெய்னருக்குள் ஓடும் நிரலால் விளைவது எதுவும் வெளியே எட்டாது என்ற பொருளில் வந்த ஒரு வரியை மட்டும் திருத்த வேண்டும். அதை நம்பி சர்வர் அமைப்பவர்கள், இயங்குதளத்தின் மையமான கெர்னல் தானாகக் கிளப்பும் உதவி நிரல்களிடம் வந்ததும் இடறிவிடுவார்கள்.

மாட்யூல் (கெர்னலின் துணைப் பகுதி) ஒன்றை ஏற்ற வேண்டுமா, கெர்பரோஸ் (வலையமைப்பில் அடையாளம் சரிபார்க்கும் முறை) சாவி வேண்டுமா, செத்துப்போன நிரலின் நினைவகத்தைக் கோர் டம்பாகச் சேமிக்க வேண்டுமா, லினக்ஸ் கெர்னல் இவற்றுக்கு வெளியிலுள்ள ஒரு நிரலை அழைக்கும். இதற்கு யூசர்மோட் ஹெல்பர் என்று பெயர். முன்பு இந்த வேலைக்கென்றே கெஹெல்பர் என்ற தனி இழை இருந்தது, 4.3 பதிப்பில் அதை நீக்கிவிட்டு பொதுவான கெவொர்க்கர் இழைகளிடம் கொடுத்தார்கள். பிறக்கும் உதவி நிரல், கெர்னல் இழைகளுக்கெல்லாம் மூலமான, எண் 2 உடைய கெத்ரெட்டி என்ற பிராசஸின் (ஓடும் நிரலின்) வழியில் வருவது. எனவே அது ரூட்டாக, முழு கேபபிலிட்டிகளோடு (ரூட்டின் தனித்தனி உரிமைகளோடு), ஹோஸ்டின் நேம்ஸ்பேஸ்களில் (ஒரு நிரல் எதையெல்லாம் காணலாம் என்று பிரிக்கும் எல்லைகளில்) ஓடுகிறது. அழைப்புக்குக் காரணமான கண்டெய்னரின் மவுண்ட், பிஐடி, யூசர் நேம்ஸ்பேஸ்கள் அதற்குப் பொருந்தாது. நினைவகம் போன்றவற்றுக்கு வரம்பு வைக்கும் கண்டெய்னரின் சிகுரூப்பிலும் அது சேராது. 512 எம்பி வரம்புள்ள கண்டெய்னர் விழுந்தாலும், டம்பைச் சுருக்கிச் சேமிக்கும் நிரல் தின்பது ஹோஸ்டின் நினைவகத்தையும் வட்டையும்தான்.

அன்றாடம் தலைவலி தருவது கோர் டம்ப். ப்ராக் அடைவில் சிஸ், அதனுள் கெர்னல், அதனுள் டம்ப் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் கோர்_பேட்டர்ன் என்ற கோப்பு இருக்கிறது. ஹோஸ்ட் முழுமைக்கும் இது ஒன்றே. கண்டெய்னருக்கு ஒன்று என்று கிடையாது. இதன் முதல் எழுத்து பைப் குறியாக (|) இல்லையென்றால், டம்ப் சாதாரணக் கோப்பாக, விழுந்த பிராசஸின் மவுண்ட் நேம்ஸ்பேஸுக்குள்ளேயே எழுதப்படும். அங்கே அந்த அடைவு இல்லாவிட்டாலோ, ரூட் கோப்பமைப்பு படிக்க மட்டும் என்று இருந்தாலோ, டம்பின் அளவு வரம்பான யுலிமிட் 0 ஆக இருந்தாலோ கோப்பு வராது. முதல் எழுத்து பைப் குறியாக இருந்தால் நிலைமை தலைகீழ்: குறிக்குப் பின்னுள்ள பாதை ஹோஸ்டில் தேடப்படும், டம்ப் அந்த நிரலின் ஸ்டாண்டர்ட் இன்புட்டில் வந்து கொட்டும், யுலிமிட் 0 என்றாலும் அழைப்பு நடக்கும். டம்பைப் பிடிக்கும் ஸ்கிரிப்டைக் கண்டெய்னரின் இமேஜுக்குள் வைத்துவிட்டு அது ஓடவில்லையே என்று தவிப்பவர்கள் டிமெசெஜ் (கெர்னலின் பதிவேடு) பார்த்தால், பைப் தோல்வியடைந்தது என்ற வரி இருக்கும்.

அமைக்கும் முறையைச் சொல்கிறேன். பெயர்களை அச்சுக்காகத் தமிழெழுத்தில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்திலும் அடிக்கோட்டோடும் தட்ட வேண்டும்.

கோர்_பேட்டர்ன் வரி மொத்தம் 127 எழுத்துக்குள் இருக்க வேண்டும், பாதை சாய்கோட்டில் தொடங்க வேண்டும். சதவீதக் குறியோடு சிறிய பி போட்டால், விழுந்த பிராசஸுக்குத் தன் நேம்ஸ்பேஸில் உள்ள எண் கிடைக்கும். கண்டெய்னரில் அது பெரும்பாலும் 1, 7 போன்ற சின்ன எண். அதைக் கோப்புப் பெயராக்கினால் இரண்டு கண்டெய்னர்களின் டம்ப்கள் ஒன்றன்மேல் ஒன்று எழுதப்பட்டு முதலாவது அழிந்துபோகும். ஹோஸ்ட் எண்ணைத் தருவது பெரிய பி, 3.12 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதனோடு நேரத்துக்கு டி-யும் பெயருக்கு எச்-சும் சேர்த்துக்கொள்ளலாம். எச் தருவது கண்டெய்னரின் ஹோஸ்ட்நேம். டாக்கரில் (கண்டெய்னர்களை ஓட்டும் மென்பொருளில்) அது வழக்கமாகக் கண்டெய்னர் அடையாளத்தின் முதல் 12 எழுத்துகள் என்பதால் தேட வசதி. ஆனால் அந்தப் பெயரை உள்ளே இருப்பவர் வைத்துக்கொள்ள முடியும். சாய்கோட்டை கெர்னல் ஆச்சரியக்குறியாக மாற்றிவிடும், மற்ற எழுத்துகளை ஸ்கிரிப்ட்தான் வடிகட்ட வேண்டும்.

அடுத்து, அதே அடைவிலுள்ள கோர்_பைப்_லிமிட். கெர்னல் தரும் இயல்பு மதிப்பு 0. அதாவது எத்தனை உதவி நிரல்கள் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் ஓடலாம், அவை முடியும்வரை கெர்னல் காத்திருக்காது. ஸ்கிரிப்ட் விழுந்த பிராசஸின் ப்ராக் விவரங்களைத் திறக்கப் போகும்போது அந்த அடைவே மறைந்திருக்கலாம். ஒருநாள் வேலை செய்து மறுநாள் செய்யாத மர்மம் பல நேரம் இதுதான். சிஸ்டெம்டி (சேவைகளை நிர்வகிக்கும் மென்பொருள்) இதை 16 ஆக வைக்கிறது, அதுவே நல்ல தொடக்க எண். 0 அல்லாத எண் இருந்தால் கெர்னல் காத்திருக்கும், எண்ணிக்கை மீறினால் அந்த டம்பை விட்டுவிட்டு டிமெசெஜில் குறிப்பு எழுதும். காத்திருப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு: ஸ்கிரிப்ட் எங்கேயாவது தொங்கிப்போனால் அந்த இடம் விடுபடாது. ஸ்கிரிப்டுக்குள் கால வரம்பு கட்டாயம் வையுங்கள்.

ஸ்கிரிப்ட் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதில்தான் நான் மிகவும் கவலைப்படுகிறேன். விழுந்தது கண்டெய்னரா என்று அறிய, அந்த பிராசஸின் என்எஸ் அடைவிலுள்ள பிஐடி இணைப்பை, எண் 1-இன் அதே இணைப்போடு ஒப்பிட்டால் பெரும்பாலும் போதும். எந்தக் கண்டெய்னர் என்பதை சிகுரூப் கோப்பு சொல்லும். இவற்றைப் படியுங்கள், டம்பை ஹோஸ்டில் 0600 அனுமதியோடு எழுதுங்கள், நிறுத்துங்கள். கண்டெய்னரின் ரூட்டுக்குள் நுழைந்து அங்கே கிடக்கும் நிரல் எதையும் ரூட்டாக ஓட்டாதீர்கள். உபுண்டுவின் அப்போர்ட் என்ற பிழை அறிக்கை நிரல் அதைத்தான் செய்தது. உள்ளே ஒருவர் அதே பாதையில் தன் கோப்பை வைத்தால் அது ஹோஸ்டின் ரூட் உரிமையில் ஓடியது. 2015-இல் சிவிஇ என்ற பாதுகாப்பு ஓட்டைகளின் பட்டியலில் சிவிஇ-2015-1318 என்று பதிவான ஓட்டை அது. 2025 மே மாதம் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட சிவிஇ-2025-5054-உம் அப்போர்ட்டில்தான்: விழுந்த பிராசஸ் மறைந்து அதே எண்ணில் கண்டெய்னர் பிராசஸ் ஒன்று வந்துவிட்டால், முந்தையதன் டம்ப் அந்தக் கண்டெய்னருக்கே அனுப்பப்பட்டது. எண்ணை மட்டும் நம்பியதன் விளைவு. 6.16 கெர்னலில் சதவீதக் குறியோடு பெரிய எஃப் தரும் பிஐடிஎஃப்டி (எண் வேறொன்றுக்குப் போனாலும் அதே பிராசஸையே சுட்டும் பிடி) இதைத் தீர்க்கிறது. அதே பதிப்பில் பைப் குறிக்குப் பதிலாக அட் குறியோடு ஒரு சாக்கெட் பாதையைக் கொடுக்கலாம். ஒவ்வொரு விழுதலுக்கும் கெர்னல் முழு உரிமை நிரல் ஒன்றைப் பெற வேண்டியதில்லை. ஏற்கெனவே ஓடும், உரிமை குறைத்த சேவை ஒன்று டம்பை வாங்கிக்கொள்ளும். புதிதாகக் கட்டுபவர்கள் இதையே எடுக்கட்டும்.

உதவி நிரலைக் கண்டெய்னருக்குள்ளேயே ஓடவிடலாமே என்று கேட்கலாம். 2014, 2015-இல் ஐயன் கென்ட் அதற்கான பேட்ச்களை முன்வைத்தார், மையக் கெர்னலில் அவை சேரவில்லை. இதனால் மற்ற உதவி நிரல்களிலும் அதே சிக்கல். கண்டெய்னருக்குள் கெர்பரோஸோடு சிஐஎஃப்எஸ் (வலையமைப்புக் கோப்புப் பகிர்வு) மவுண்ட் செய்யும்போது சிஐஎஃப்எஸ் அப்கால் நிரல் தவறான நேம்ஸ்பேஸில் சாவியைத் தேடியது சிவிஇ-2025-2312. இப்போது அப்கால்_டார்கெட் என்ற மவுண்ட் விருப்பத்துக்கு மவுண்ட், ஆப் என்ற இரண்டில் ஒன்றைத் தரலாம். சிகுரூப் முதல் பதிப்பின் ரிலீஸ்_ஏஜெண்ட் (சிகுரூப் காலியானதும் கெர்னல் அழைக்கும் நிரல்) இன்னும் மோசம்: உரிமைச் சோதனை விட்டுப்போனதால் 2022-இல் அதன் வழியே கண்டெய்னரிலிருந்து வெளியேற முடிந்தது.

உரிமையைக் குறைக்க யூசர்மோட்ஹெல்பர் அடைவில் பிசெட் கோப்பு இருக்கிறது. புதிய கெர்னலில் 4294967295, 511 என்று இரண்டு எண்கள் இருக்கும். குறைக்க மட்டுமே முடியும், திரும்பக் கூட்ட மறுதொடக்கம் வேண்டும். இது எல்லா உதவி நிரல்களுக்கும் பொதுவானது என்பதால், 16-ஆம் கேபபிலிட்டியை எடுத்துவிட்டால் மாட்யூல்கள் தானாக ஏறுவதும் நின்றுவிடும். ஹோஸ்டின் உரிமைகளைக் கொடுத்து ஓட்டும் பிரிவிலெஜ்ட் கண்டெய்னருக்கு மேற்சொன்ன எந்தக் காவலும் இல்லை. கோர்_பேட்டர்ன் அதற்கு எழுதக்கூடிய கோப்பு, அதில் எழுத முடிந்தவருக்கு ஹோஸ்டின் ரூட் கைவசம்.

சோதிக்கும்போது உள்ளே ஒரு ஸ்லீப் நிரலை ஓடவிட்டு அதற்கு, நிரலை விழச்செய்யும் செக்வி சிக்னல் அனுப்புங்கள். எண் 1-க்கு அனுப்பாதீர்கள். தானே ஏற்பாடு செய்யாத சிக்னலை நேம்ஸ்பேஸின் முதல் பிராசஸ் கண்டுகொள்ளாது, ஸ்கிரிப்ட்தான் பழுது என்று தவறாக முடிவு கட்டிவிடுவீர்கள்.

அந்தக் கட்டுரையின் வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லினக்ஸ் சர்வர் நிர்வாகி ஒருவர்,
கோவை.