பாயிண்ட் தீரும் நாளைப் பில்லில் அச்சிடுங்கள்

ஆசிரியருக்கு,

மளிகை, கரன்ட் பில், மகளின் பள்ளிக் கட்டணம் என மூன்று வருடமாக எல்லாவற்றையும் ஒரே கிரெடிட் கார்டில்தான் கட்டினேன். செலவுக்கு ஏற்ப கார்டில் சேரும் பரிசு பாயிண்ட்டை வைத்து மே மாதம் அத்தையையும் அழைத்துக்கொண்டு மைசூரு போய் இரண்டு இரவு தங்குவதாகத் திட்டம். அறை பதிவு செய்ய உட்கார்ந்தால், 11,400 பாயிண்ட்டில் 3,800 காலாவதி. ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை. இரண்டு வருடம்தான் செல்லும் என்று விதிமுறையில் பொடி எழுத்தில் இருக்கிறதாம்.

ஓர் இரவோடு திரும்பினோம். ஞாயிறு மாலை அரண்மனை விளக்குகள் மொத்தமாக எரிந்தபோது அத்தை கைதட்டிய சந்தோஷம் இருக்கிறதே! இன்னொரு நாள் இருந்திருந்தால் பிருந்தாவனத்தையும் காட்டியிருப்பேன்.

பாயிண்ட் தீரும் தேதியை மாத பில்லில், கட்ட வேண்டிய தொகைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் அச்சிட ரிசர்வ் வங்கி உத்தரவிட வேண்டும்.

பாயிண்ட்டுக்காகச் செலவைக் கூட்டிவிட்டு, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறவர்களுக்கும் ஒரு கணக்கு. மாதம் 3.5 சதவீத வட்டியில் 40,000 ரூபாய் பாக்கிக்கு ஒரு மாத வட்டி 1,400. என் கார்டில் ஒரு பாயிண்ட் 25 காசு. அந்த வட்டியை ஈடுகட்டவே 5,600 பாயிண்ட் வேண்டும்.

ஒரு வாசகி,
கோவில்பட்டி