எண்ணெய் மட்டுமா காரணம்?

யாங்கோன்

அன்புள்ள சுப்பையாவுக்கு,

மோல்மேனிலிருந்து நீ போட்ட கடிதம் வந்து சேர்ந்தது. பீலிக்கான் கோயில் திருவிழாவுக்கு வருவாய், நேரில் பேசிக்கொள்ளலாம் என்றிருந்தேன். முழங்கால் வலி விடவில்லை என்கிறாய், சரி, எழுதியே தீர்க்கிறேன்.

ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்ததும், குழம்பில் மிதக்கும் எண்ணெயை வழித்து எடுத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறாயாம். நல்லது. ஆனால் இனிப்பு டின்பால் ஊற்றிய டீ மட்டும் காலையும் மாலையும் நிற்கவில்லை! தின்ற எண்ணெய் அப்படியே போய்க் கல்லீரலில் படிகிறது என்று நினைக்கிறாய். சர்க்கரையிலிருந்தும் சோற்றிலிருந்தும் கல்லீரல் தானே கொழுப்பைச் செய்துகொள்ளும். எவ்வளவு செய்வது, எவ்வளவு எரிப்பது என்பதில் உட்கரு ஏற்பிகள் என்னும் புரதங்களுக்குப் பெரிய பங்குண்டு. மனித உடம்பில் இவை 48 வகை. தனக்குரிய பொருள் வந்து ஒட்டியதும், இந்த ஏற்பி மரபணுக்களை முடுக்கிவிடும், அல்லது அடக்கும்.

இந்த ஏற்பிகளில் எல்.எக்ஸ்.ஆர். என்று ஒன்று. கொலஸ்ட்ரால் மிகுந்தால் அதை வெளியேற்றுவது இதன் வேலை. இதைத் தூண்டினால் ரத்தக்குழாய் அடைப்பு குறையும் என்று மருந்து தேடியவர்களுக்கு ஆசை. அப்படித் தூண்டும் மருந்தை எலிக்குக் கொடுத்துப் பார்த்தால் கல்லீரல் முழுக்கக் கொழுப்பு, ரத்தத்திலும் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு ஏறிவிட்டது. கொழுப்பு அமிலம் செய்யும் மரபணுக்களையும் அதுவே முடுக்கியதுதான் காரணம். நீ டீயில் குடிக்கும் சர்க்கரையால் இன்சுலின் ஏறும்போதும், இதே ஏற்பியின் துணையோடு அந்தக் கொழுப்பு வேலை சூடு பிடிக்கிறது.

அடுத்து, உன் தம்பி மகன் சாப்பிடும் டிபி மாத்திரை பற்றிக் கேட்டிருந்தாயே. மருந்துக்கடையில் உட்கார்ந்த காலத்தில், டிபிக்குத் தரும் ரிஃபாம்பிசின் என்றால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்படாதீர்கள் என்று சொல்லித்தான் கொடுப்பேன். அந்த மருந்து பி.எக்ஸ்.ஆர். என்ற ஏற்பியைப் பலமாகத் தூண்டும். இந்த ஏற்பி வாசல் காவல்காரன் மாதிரி, வெளியிலிருந்து வரும் மருந்தையும் நஞ்சையும் கண்டால் அவற்றைச் சிதைக்கும் நொதிகளைப் பெருக்கும். சர்க்கரை நோய்க்கான மாத்திரை சிலவும், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரினும் ரிஃபாம்பிசினோடு சேர்ந்தால் பலம் குறைவது இதனால்தான். அதே வேகத்தில் கொழுப்பு அமிலம் செல்லுக்குள் நுழையும் வழியையும் இது அகலப்படுத்துகிறது, எரிக்கும் வேலையைத் தாழ்த்துகிறது. ஆய்வகத்தில் மனிதக் கல்லீரல் செல்களில் ரிஃபாம்பிசின் சேர்த்தபோது கொழுப்பு கூடியதைக் கண்டிருக்கிறார்கள். எலியின் பி.எக்ஸ்.ஆர். இந்த மருந்தைச் சரியாகக் கண்டுகொள்வதே இல்லை. அதனால் மனித ஏற்பியைப் புகுத்திய எலிகளை உண்டாக்கித்தான் சோதிக்க வேண்டியிருந்தது. எலிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதே.

இதைப் படித்துவிட்டுப் பையனின் மாத்திரையை நிறுத்திவிடப் போகிறாய்! ஆறு மாதக் கோர்ஸ் முழுதாக முடிய வேண்டும், பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத டிபி வரலாம். கண் மஞ்சளானாலோ, வாந்தி விடாமல் வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போ. அது பெரும்பாலும் கூடவே கொடுக்கும் ஐசோனியசிட், பைரசினமைடு மாத்திரைகளால் வரும் வேறு தொல்லை.

எல்லா ஏற்பியும் கொழுப்பைச் சேர்ப்பதில்லை. பி.பி.ஏ.ஆர். ஆல்ஃபா என்பது கொழுப்பை எரிக்க வைக்கும். தைராய்டு ஹார்மோன் ஏற்பியில் பீட்டா வகையைத் தூண்டும் ரெஸ்மெடிரோம் என்ற மருந்துக்கு 2024இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, கொழுப்பால் கல்லீரல் வீங்கித் தழும்பு விழுந்தவர்களுக்கு. உனக்கு அது தேவைப்படாது. டீக்கடையில் இனிமேல் டின்பால் வேண்டாம் என்று சொல், எடையைக் கொஞ்சம் இறக்கு.

நீ சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களை அடுத்த கடிதத்தில் எழுது. நாட்டு மருந்து ஏதாவது இருந்தால் அதையும் மறைக்காமல் சேர்.

அன்புடன்,
முத்து