ஐஸ் கட்டி எதற்கு, பழத்தையே உறைய வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெயிலுக்கு ஸ்மூத்தி என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பைப் படித்தேன். ஃப்ரோசன் ப்ளூபெர்ரி, பாதாம் பால், கிரீக் யோகர்ட், மேலே தூவ சியா விதை. நன்றாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மே மாதத்தில், சேலத்தில், தள்ளுவண்டியில் பங்கனபள்ளி குவிந்து கிடக்கும்போது பாக்கெட் ப்ளூபெர்ரியைத் தேடிக்கொண்டு நான் எதற்கு சூப்பர் மார்க்கெட் போக வேண்டும்? குளிர் நாட்டுக்காரர்கள் ஃப்ரோசன் பாக்கெட்டில் வாங்கி ஸ்மூத்தி அடிக்கிற மாம்பழமும் அன்னாசியும் வாழையும் பப்பாளியும் இங்கே தெருவிலேயே கிடைக்கிறது. வாங்கி நறுக்கி வீட்டு ஃப்ரீசரில் போட்டால் ஆயிற்று.

ஐஸ் போட்டு அடித்தால் முதல் இரண்டு வாய்தான் ஜில்லென்று இருக்கும், அப்புறம் ஐஸ் உருகி எல்லாம் தண்ணீர். பழமே கட்டியாக இருந்தால் குளிர்ச்சியும் கெட்டியும் அதிலிருந்தே வந்துவிடும். வீட்டு ஃப்ரீசரில் பழம் மெதுவாக உறைவதால் பெரிய பனிப் படிகங்கள் உண்டாகி செல்களைக் கிழித்துவிடும், வெளியே எடுத்து உருகவிட்டால் கொழகொழவென்று ஆகிவிடும் என்பது உண்மைதான். சாலட்டுக்கு அது ஆகாது, மிக்ஸியில் அரைக்கப் போகிற பழத்துக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

முக்கியமானது பழம் நன்றாகக் கனிந்திருப்பது. குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும், ஜூஸ் கடையில் கரண்டி கரண்டியாகச் சர்க்கரை கொட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழம் வெளியே மஞ்சளாகவும் உள்ளே புளிப்பாகவும் இருக்கும், அதை உறைய வைத்தால் புளிப்பு மட்டும்தான் மிஞ்சும். (கார்பைட் கல்லுக்குத் தடை இருக்கிறது, இருந்தும் என்ன.) பங்கனபள்ளி, செந்தூரா, சீசன் முடியும் நேரத்தில் நீலம், இவை எல்லாம் தோது. நார் அதிகமுள்ள நாட்டுப் பழம் வேண்டாம், நார் பிளேடில் சுற்றிக்கொள்ளும். மல்கோவாவை மட்டும் தயவுசெய்து மிக்ஸியில் போடாதீர்கள், அது கையில் வைத்துச் சாப்பிடுகிற பழம்.

நறுக்கிய துண்டுகளை அப்படியே கவரில் திணித்தால் மறுநாள் செங்கல் மாதிரி ஒரே கட்டியாகத்தான் வரும். ஒரு தட்டில் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பரப்பி, இறுகிய பிறகு டப்பாவுக்கு மாற்ற வேண்டும். வாழைப்பழத்தைத் தோலுரித்து, வட்டமாக நறுக்கி வையுங்கள். தோலோடு வைத்தால் தோல் கறுத்து ஒட்டிக்கொண்டு உரிக்கவே வராது. மோரீஸ் நல்ல கெட்டியாக வரும், பூவனில் லேசான புளிப்பு இருக்கும், எனக்குப் பூவன்தான் பிடிக்கும். டப்பா மூடி இறுக்கமாக இருக்கட்டும், அதே ஃப்ரீசரில் மீனும் வைக்கிற வீடுகளுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கரண்ட் போய் முழுக்க உருகிவிட்டால் திரும்ப உறைய வைக்காமல் அன்றைக்கே அரைத்துக் குடித்துவிடுங்கள்.

உங்கள் குறிப்பின் கீழே அன்னாசியோடு பால் சேர்க்கலாம் என்று ஒரு வரி இருந்தது. சேர்க்கலாம், கொஞ்ச நேரத்தில் கசக்கும். வேக வைக்காத அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது, அது பாலில் உள்ள புரதத்தை உடைப்பதால் வருகிற கசப்பு அது. ஃப்ரீசரில் வைத்தாலும் அந்த நொதி போகாது, சூட்டில்தான் போகும். அதனால் அன்னாசித் துண்டுகளை ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறிய பிறகு உறைய வைக்கலாம். இல்லையென்றால் பாலை விட்டுவிட்டுத் தேங்காய்ப்பால் ஊற்றலாம், மாம்பழத்துக்கும் அன்னாசிக்கும் அதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது. பப்பாளியிலும் இதே மாதிரி ஒரு நொதி உண்டு, பால் ஊற்றினால் உடனே குடித்துவிட வேண்டும்.

இரண்டு பேருக்கு என் அளவு இது: உறைந்த மாம்பழத் துண்டு ஒன்றரை டம்ளர், அன்னாசி அரை டம்ளர், பூவன் ஒன்று, கெட்டித் தேங்காய்ப்பால் முக்கால் டம்ளர், ஒரு சிட்டிகை உப்பு, எலுமிச்சை நாலு சொட்டு. சர்க்கரை கிடையாது. உப்பா என்று கேட்பவர்கள் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் பெரிய பிளெண்டர் இருக்கும், எடுத்ததும் அப்படியே போட்டு அரைப்பார்கள். நம் மிக்ஸிக்கு அது ஆகாது. பழத்தைப் பத்து நிமிடம் வெளியே வைத்து, ஜாரில் முதலில் தேங்காய்ப்பாலை ஊற்றி, பழத்தை இரண்டு மூன்று தடவையாகப் போட்டு, குமிழை இடது பக்கம் திருப்பித் திருப்பி விட்டு அடிக்க வேண்டும். ஒரேயடியாக மூன்றில் வைத்தால் மோட்டார் சூடேறி நின்றுவிடும். நின்றால் பயப்பட வேண்டாம், ஆறவிட்டு அடியில் இருக்கிற சிவப்பு பட்டனை அழுத்தினால் பெரும்பாலும் திரும்ப ஓடும். சட்னி ஜார் சின்னது, அதில் முயற்சி செய்யாதீர்கள்.

சர்க்கரை போடவில்லை என்பதற்காகச் சர்க்கரை நோயாளிகள் டம்ளர் டம்ளராகக் குடிக்கலாம் என்று அர்த்தமில்லை. அரைத்த பழத்தை மென்று தின்பதைவிட வேகமாக உள்ளே தள்ளிவிடுவோம், ஒரு மாம்பழத்தோடு நிறுத்துகிறவர்கள்கூட டம்ளரில் ஒன்றரைப் பழத்தைக் குடித்துவிடுவார்கள்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். 2025 ஜூனில் கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழ விலை விழுந்து விவசாயிகள் தவித்ததைச் செய்தியாகப் போட்டீர்கள். விலை விழுந்த விஷயம் எங்களைப் போன்ற வீடுகளுக்குப் போராட்டச் செய்தியாகத்தான் வந்து சேர்கிறது, அதற்குள் பாதிப் பழம் அழுகிவிடுகிறது. உழவர் சந்தை காய்கறி விலையை வெளியிடுகிறீர்கள் அல்லவா, அதன் கீழேயே பழ விலைக்கும் நாலு வரி ஒதுக்கினால் எந்த வாரம் பத்து கிலோ வாங்கி ஃப்ரீசரை நிரப்பலாம் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சேலம்