டி.சி. வாங்குவது மட்டும்தான் பெற்றோரின் உரிமையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளின் படிப்பை அரசு முடிவு செய்ய வேண்டுமா, பெற்றோர் முடிவு செய்ய வேண்டுமா என்று தங்கள் இதழில் சில வாரங்களாக வரும் கட்டுரைகளைப் படித்துவருகிறேன். மும்மொழி வேண்டும் என்பவர்களும் கூடாது என்பவர்களும் பெற்றோரின் விருப்பத்தைத்தான் துணைக்கு அழைக்கிறார்கள். நான் தையல் கடை வைத்திருக்கிறேன். மகன் தனியார் பள்ளியில் படித்தான். மகள் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு பக்கமும் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

மகனுக்கு நாங்களேதான் பள்ளி பார்த்தோம். நானும் கணவரும் கடையை மூடிவிட்டு நான்கு பள்ளிகள் ஏறி இறங்கி, நகை அடகு வைத்துப் பணம் கட்டி, ஒரு மெட்ரிக் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்த்தோம். அவன் ஐந்தாம் வகுப்பு முடிக்கும் நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு அறிவிப்பு வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம், கட்டணமும் புத்தகச் செலவும் அதற்கேற்ப மாறும் என்று. எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரில் போய்க் கேட்டபோது அலுவலகத்தில் இருந்தவர், "விருப்பம் இல்லாதவங்க டி.சி. வாங்கிக்கலாம்மா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பழகிய குரலில் சொன்னார்.

எங்களுக்கு இருந்த தேர்வு உரிமை சேர்க்கை நாளன்றே முடிந்துபோயிருந்தது. அதற்கப்புறம் இருந்தது வெளியேறும் உரிமை மட்டும்தான். பிள்ளைக்கு அங்கே ஏழு வருட நட்பு, பழகிய டீச்சர், பழகிய வேன். அதையெல்லாம் பிய்த்துக்கொண்டு போவதைத் 'தேர்வு' என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இதில் அரசைப் பற்றிய என் வருத்தமும் குறைவில்லை. எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற சமச்சீர் கல்வியை 2011-இல், முந்தைய அரசு கொண்டுவந்தது என்பதால் புதிய அரசு நிறுத்திவைத்தது. வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போய், ஆகஸ்ட் 9 அன்று தீர்ப்பு வரும்வரை பிள்ளைகள் பாடப்புத்தகம் இல்லாமல் பள்ளிக்குப் போய் வந்தார்கள். என் அக்கா மகன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பழைய புத்தகத்தை வாங்குவதா வேண்டாமா என்று அக்கா தினமும் வந்து கேட்பார், யாருக்கும் பதில் தெரியாது. 2025-இலும் அப்படித்தான். மாநில அரசு பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று, பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா நிதியை ஒன்றிய அரசு தரவில்லை. நடுவில், தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய 25 சதவீத இடங்களுக்கான சேர்க்கை மாதக்கணக்கில் தள்ளிப்போனது. மாநில உரிமைக்காக நிற்பது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த ஜூன் மாதம் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்த தாய்மாரிடம் யாராவது வந்து பேசியிருக்கலாம்.

அதற்காக அரசே கல்வியிலிருந்து விலகிக்கொள்ளட்டும், எல்லாம் குடும்பத்தின் முடிவாக இருக்கட்டும் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. என் அம்மாவை மூன்றாம் வகுப்போடு நிறுத்தித் தம்பியைப் பார்த்துக்கொள்ள வைத்ததும் பெற்றோரின் முடிவுதான். அம்மாவுக்கு இன்றுவரை ரேஷன் கடைப் பலகையைப் படிக்க ஆள் வேண்டும். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாதி நேரம்தான் பள்ளி, மீதி நேரம் வீட்டில் அப்பா அம்மா செய்யும் தொழில். குலக்கல்வி என்று ஊரே எதிர்த்தது, அடுத்த ஆண்டே காமராஜர் அதைக் கைவிட்டார். அன்று அப்படி நிறுத்தாமல் விட்டிருந்தால் எங்களைப் போன்ற குடும்பங்கள் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தாலே பயமாக இருக்கிறது. பெற்றோர் முடிவு செய்துவிட்டால் பிள்ளைக்கு நல்லதாகத்தான் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பிள்ளை பள்ளிக்குப் போயே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்வதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

என் குறை வேறு. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது, பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் அதன் வேலை. அரசையும் பெற்றோரையும் ஒரே பாயில் உட்கார வைத்த சட்டம் இது. தங்கள் இதழில் வந்த கட்டுரைகளில் ஒன்றுகூட இதைத் தொடவில்லை. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்பதும் பலருக்குத் தெரியாது. பணம் கட்டிப் படிக்க வைக்கும் பெற்றோருக்குப் பள்ளிக்குள் இந்தச் சட்டப்படி ஒரு நாற்காலிகூடக் கிடையாது. கட்டணம் நிர்ணயிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு இருக்கிறது, அவ்வளவுதான்.

மகள் படிக்கும் பள்ளியில் நான் அந்தக் குழுவின் உறுப்பினர். முதல் கூட்டத்தில் தீர்மானப் பதிவேட்டை நீட்டினார்கள், எழுதாத பக்கத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம், டீ குடித்தோம், வந்துவிட்டோம். கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு. நூறு நாள் வேலைக்குப் போகிறவர், பூப்பறிக்கப் போகிறவர் எப்படி வருவார்? இருபத்து நான்கு பேர் குழுவில் ஆறேழு பேர்தான் வருவோம்.

மூன்றாவது கூட்டத்தில் நான் வாய் திறந்தேன். மகளை ஆங்கில வழியில் சேர்த்திருந்தேன். வகுப்பில் போய்ப் பார்த்தால் தமிழ் வழிப் பிள்ளைகளும் ஆங்கில வழிப் பிள்ளைகளும் ஒரே அறை, ஒரே டீச்சர். அதோடு மூன்றாம் வகுப்பும் அவர் பொறுப்பு. ஒரு பக்கம் 'பின்னம்' என்று சொல்லிவிட்டு இந்தப் பக்கம் திரும்பி 'ஃபிராக்‌ஷன்' என்று சொல்கிறார் அந்தப் பாவம். பயிற்றுமொழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்குத்தான், அரசு திணிக்க முடியாது என்று 2014-இல் கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். நான் தேர்ந்தெடுத்தேன், தமிழ் வழி வேண்டும் என்றவரும் தேர்ந்தெடுத்தார். இரண்டு பேருக்கும் கிடைத்தது ஒரே பெஞ்சு.

இன்னொரு ஆசிரியர் வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். தலைமை ஆசிரியை மறுப்புச் சொல்லவில்லை, அவரே எழுதி அனுப்பினார். ஒரு வருடம் ஆகப்போகிறது. கிடைத்தது, கிடைக்காது என்று ஒரு வரி பதில்கூட வரவில்லை.

2022 ஜூனில் அரசு ஒரு அறிவிப்பு விட்டது நினைவிருக்கும். 13,331 ஆசிரியர் காலியிடங்களை மேலாண்மைக் குழுக்களே தற்காலிகமாக நிரப்பிக்கொள்ளலாம், இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என்று. பெற்றோருக்கு அதிகாரம் கொடுத்துவிட்டோம் என்று அப்போது பேசினார்கள். எனக்கு அது அதிகாரமாகத் தெரியவில்லை. நிரந்தர ஆசிரியர் கேட்டால் பதில் இல்லை. அதே இடத்துக்கு 7,500 ரூபாய்க்கு ஆள் பிடிக்கும் வேலையை மட்டும் எங்களிடம் தள்ளிவிட்டால், டி.இ.டி. என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதிவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளின் வயிற்றெரிச்சலும் எங்களைத்தானே சேரும்?

நான் கேட்பது இவைதான். மேலாண்மைக் குழு அனுப்பும் தீர்மானத்துக்குக் கல்வித் துறை 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். முடியாது என்றாலும் காரணத்தோடு சொல்லட்டும், நாங்கள் அடுத்த படிக்குப் போகிறோம். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையோ இரவு ஏழு மணிக்கோ வைக்கட்டும். அப்புறம், பாடத்திட்டம் மாற்றுவது போன்ற பெரிய முடிவுகளுக்கு முன்னால் தனியார் பள்ளிகளும் பெற்றோரைக் கூட்டிக் கேட்டே ஆக வேண்டும் என்று 21-ஆம் பிரிவை அவற்றுக்கும் நீட்டுங்கள். இதற்கு நாடாளுமன்றத்தில் திருத்தம் வேண்டும், தெரியும். மும்மொழிக்காகவும் நிதிக்காகவும் குரல் எழுப்பும் நம் எம்.பி.க்கள் இதையும் ஒருமுறை எழுப்பலாம்.

என் மகன் இப்போது அரசு மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறான், டி.சி. வாங்கிவிட்டோம். மகள் பள்ளியில் அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம். இந்த முறை பூப்பறிக்கும் இரண்டு தாய்மாருக்கு அன்றைய அரை நாள் கூலியை நாங்கள் சிலர் சேர்ந்து கொடுத்து அழைத்துவரப் போகிறோம். ஆசிரியர் கேட்ட தீர்மானத்தைத் தேதி போட்டு மறுபடியும் எழுதுவோம். தாங்கள் இதை வெளியிட்டால் அந்தப் பக்கத்தையும் பதிவேட்டில் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர்,
நத்தம் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.