மழைக்கு முன் ஒருமுறை கூரையைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்து உள்ளூராட்சி சபைகளுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறக்க முன்னர் இந்த மடல் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று எழுதுகிறேன்.

என் சித்தப்பா அறுபது வயதில் ஒழுக்குப் பார்க்கக் கூரைமேல் ஏறினார். பழைய அஸ்பெஸ்ரஸ் சீற். ஆணி வரிசையை விட்டு ஒரு காலடி நடுவில் வைத்ததும் சீற் உடைந்து, நேரே சீமெந்துத் தரையில் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. இன்றும் தடி ஊன்றித்தான் நடக்கிறார். பிறகு வந்த ஓடாவி (கூரை வேலை செய்யும் தச்சர்) பார்த்தால், ஒழுக்கு அவர் தேடிய இடத்திலேயே இல்லை. முகட்டில் இறங்கிய தண்ணீர் சிலாகை (கூரை தாங்கும் மரச்சட்டம்) வழியே ஓடிவந்து அறையில் சொட்டியிருக்கிறது.

வீட்டுக்காரர் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தரையில் நின்றபடி பார்க்க நிறைய இருக்கிறது. நல்ல வெயிலில் கதவு யன்னலைச் சாத்திவிட்டு அண்ணாந்து பார்த்தால், ஓடு விலகிய இடத்தில் வெளிச்சம் பொட்டாகத் தெரியும். முற்றத்தில் நின்று பார்த்தால் முகடு நேராக இருக்கிறதா, நடுவில் தாழ்ந்திருக்கிறதா என்று தெரியும். சீலிங்கில் பழுப்புக் கறை, சுவரில் கறையான் புற்றுக் கோடு, கூரைத் தண்ணீர் ஓடும் பீலியில் அடைத்த வேப்பஞ்சருகு, இவற்றுக்கு ஏணியே தேவையில்லை.

அதற்கு மேலே உள்ளதைத் தொழில் தெரிந்தவர்தான் பார்க்க வேண்டும். பனஞ்சிலாகை வெளியில் வைரமாக இருக்கும், உள்ளே கறையான் தின்றிருக்கும். தட்டிப் பார்க்கும் கைக்குத்தான் அந்தச் சத்தம் புரியும். சீலிங்குக்கு மேலே எலி கடித்த வயர் கிடக்கலாம். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்று ஆணிகளைத் தின்றுவிடும். அஸ்பெஸ்ரஸைக் காய்ந்தபடியே அறுத்தாலும் துளைத்தாலும் பறக்கிற தூசு நெஞ்சுக்குள் போய், பல வருசம் கழித்துத்தான் நோயாகத் தெரியும். அதை நனைத்து, முழுசாகக் கழற்ற வேண்டும்.

2008 நவம்பரில் நிஷா புயல் வந்தது, 2020 டிசெம்பரில் புரெவி புயல் வந்தது. இரண்டு முறையும் வெள்ளம் வந்த பிறகே வீடுகளைப் பார்த்துச் சேதம் எழுதினார்கள். அதையே மழைக்கு முன் செய்ய முடியாதா?

கேட்பது இதுதான். ஆவணி, புரட்டாசியில் ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரையும் அனுபவமுள்ள ஓடாவி ஒருவரையும் வட்டாரம் வட்டாரமாக அனுப்புங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே வாழும் முதியவர்களின் வீடுகளுக்கு முதலில் போகட்டும். அவர்கள் கூலிக்கு ஆள் கிடைக்காமல்தான் தாங்களே ஏணி வைக்கிறார்கள். வசதியுள்ள வீடுகளில் கட்டணம் எடுங்கள், யாரும் மறுக்கமாட்டார்கள். பார்த்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், எதை உடனே திருத்துவது, எது அடுத்த வருசம் வரை தாங்கும் என்று வீட்டுக்காரருக்குத் தெரியும்.

எங்கள் ஒழுங்கையில் இப்படி ஐந்து பழைய வீடுகள் உண்டு. எவற்றை முதலில் பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பும் நாளைச் சொன்னால் கூடவே வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வரியிறுப்பாளர் ஒருவர்