கோல்ட் கிங்: 2003-ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோல்ட் கிங் சுரங்கம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 2015 ஆகஸ்ட் 5 அன்று, அமெரிக்காவின் கொலராடோவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்காக வேலை செய்தவர்கள் சுரங்க வாயைத் தோண்டும்போது அடைப்பு உடைந்து, சுமார் 30 லட்சம் கேலன் அமில நீர் வெளியேறி அனிமாஸ் ஆறே மஞ்சளாகிப் போனதை நன்றாக எழுதியிருந்தார்கள். தோண்டியவர்கள் மீது தவறில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஒரு நாளை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

சுரங்கத்துக்குக் கீழே கிளாட்ஸ்டோன் என்ற இடத்தில் ஏற்கெனவே ஒரு சுரங்க நீர் சுத்திகரிப்பு நிலையம் ஓடிக்கொண்டிருந்தது. 1991-இல் மூடப்பட்ட சன்னிசைடு சுரங்கத்தின் நிறுவனம் அதை நடத்தியது. பிறகு தன் சுரங்கப்பாதையில் கான்கிரீட் அடைப்புகள் போட்டுவிட்டு, 2003-இல் நிலையத்தைக் கோல்ட் கிங்கின் அப்போதைய உரிமையாளரிடம் ஒப்படைத்தது. வாங்கியவரிடம் நடத்தப் பணம் இல்லை. ஓரிரு வருடங்களில் நிலையம் நின்றது. அக்கம்பக்கத்துப் பழைய சுரங்கங்களிலிருந்து வரும் நீரோ கூடிக்கொண்டே போனது. அதற்கு அந்த அடைப்புகள்தான் காரணமா என்பதில் இன்றும் தகராறு இருக்கிறது, நிறுவனம் மறுக்கிறது. எப்படியானாலும், சுத்தம் செய்யாத நீர் பல வருடங்கள் 'சிமென்ட் கிரீக்' என்ற ஓடை வழியாக அனிமாஸில் கலந்தது. சில்வர்ட்டன் ஊருக்குக் கீழே ட்ரவுட் மீன்கள் அருகிப்போயின. அப்போது இதைப் பற்றி உலகம் பேசவில்லை, ஆறு மஞ்சளாகத் தெரியவில்லையே!

நான் திருப்பூரில் சாயக்கழிவு சுத்திகரிப்பில் வேலை பார்ப்பவன். சுரங்க நீருக்கும் அடிப்படை சிக்கலானதல்ல: சுண்ணாம்பைக் கலந்து அமிலத்தை முறித்தால் இரும்பு, துத்தநாகம் போன்றவை திரிந்து தொட்டியின் அடியில் படியும். நடத்துவதுதான் பாடு. சுண்ணாம்புப் பால் போகும் குழாயை இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் உள்ளே கல்லாக இறுகிவிடும், தட்டித்தான் எடுக்க வேண்டும். அமிலத்தன்மையை அளக்கும் பி.ஹெச். மீட்டரின் முனையில் வெள்ளைப் படலம் ஏறினால் அது காட்டும் எண்ணை நம்பவே முடியாது. அப்புறம் சகதி. அதைப் பிழிந்து, உலர்த்தி, எங்காவது பத்திரமாகக் கொட்டியாக வேண்டும். சாயப்பட்டறை மூடினால் கழிவு நின்றுவிடும். சுரங்கம் மூடினாலும் பாறைக்குள் இருக்கும் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம், காற்றும் நீரும் பட்டுக்கொண்டிருக்கும் வரை அமிலத்தைக் கக்கிக்கொண்டேதான் இருக்கும், தலைமுறை தலைமுறையாக.

ஆகவே இப்படி ஒரு நிலையத்தைக் கைமாற்றும்போது, எடுத்து நடத்துபவர் நாளைக்கே கைவிரித்தாலும் சுண்ணாம்புக்கும் மின்சாரத்துக்கும் ஆட்களுக்கும் பணம் தடையில்லாமல் வரும்படி, அந்தத் தொகையை முன்கூட்டியே தனியாக வைக்கச் செய்திருக்க வேண்டும். கிளாட்ஸ்டோனில் அது நடக்கவில்லை. கடைசியில் அந்த அமில நீர் வெளியேறிய பிறகு, 2015 அக்டோபரில், அதே கிளாட்ஸ்டோனில் அரசு முகமையே தற்காலிக நிலையம் அமைத்தது. இரண்டு மாதத்தில் செய்ய முடிந்த வேலை! கீழே ஷிப்ராக் பகுதியில் பாசன வாய்க்கால்களை அடைத்துவிட்டுப் பயிர் வாடுவதைப் பார்த்த நவஹோ பழங்குடி விவசாயிகளை நினைத்தால் வயிறு எரிகிறது. நவஹோ தேசத்துக்கு 3.1 கோடி டாலர் தர அமெரிக்க அரசு ஒப்புக்கொண்டது 2022-இல்தான்.

அந்த 2003 ஒப்படைப்புக்கு அனுமதி கொடுத்தபோது மாநில அதிகாரிகள் என்னென்ன உத்தரவாதம் கேட்டார்கள் என்பதை உங்கள் கட்டுரையாளர் தோண்டி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்