மென்பொருள் கண்டுபிடித்ததாம்!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சமூக ஊடகப் படங்கள் எங்கே எடுக்கப்பட்டவை என்று கண்டறிவது பற்றிய தங்கள் ஞாயிறு கட்டுரையைப் படித்தேன். ‘படத்தை மென்பொருளில் போட்டால் இடம் வந்துவிடும், புவியியலெல்லாம் பழைய படிப்பு’ என்று அதில் ஒரு வரி. வேலைக்காலம் முழுக்கப் புவியியல் நடத்தியவன் நான். பாடம் செத்துவிட்டதை ஓய்வுபெற்ற பிறகாவது தெரிவித்தீர்களே, நன்றி.

ஆப்பிரிக்க நாடான கேமரூனின் சிப்பாய்கள் இரண்டு பெண்களையும் இரண்டு குழந்தைகளையும் சுட்டுக்கொன்ற காணொளி 2018இல் பரவியது தங்களுக்குத் தெரியாததல்ல. பொய்ச் செய்தி என்றது அந்நாட்டு அரசு. பின்னணியில் தெரிந்த மலைமுகட்டின் ஏற்ற இறக்கத்தைச் செயற்கைக்கோள் படங்களோடு பொருத்தி, செலெவெட் என்ற ஊருக்கு அருகே என்று பிபிசி குழு காட்டியது. செயற்கைக்கோள் படங்களில் தெரிந்த கட்டடங்களையும் சிப்பாய்களின் நிழலையும் வைத்து, 2015 மார்ச் பிற்பகுதிக்கும் ஏப்ரல் தொடக்கத்துக்கும் இடையே என்று காலத்தையும் சொன்னது. 2020இல் நான்கு சிப்பாய்களுக்கு 10 ஆண்டு சிறை. கூகுள் எர்த் உதவியது, சரி. முகட்டை முகடாகப் பார்த்தது யார்?

எடுத்த இடத்தைக் கைப்பேசியே பதிந்துவைக்கும் இருப்பிடக் குறிப்பு படக்கோப்புக்குள்ளேயே இருக்குமாம், கட்டுரை சொல்கிறது. ஃபேஸ்புக்கும் எக்ஸ் தளமும் படத்தை வெளியிடும்போதே அதை நீக்கிவிடுவதைக் கட்டுரையாளருக்கு யாரும் சொல்லவில்லை போலும். அப்புறம் மிஞ்சுவது மண்ணின் நிறம், மின்கம்பத்தின் வடிவம், வண்டி ஓடும் பக்கம், நிழலின் திசை. கடகரேகைக்கு வடக்கே நண்பகல் நிழல் வருடம் முழுக்க வடக்கே விழும் என்பதைப் பள்ளிப்பிள்ளைகளே சொல்வார்கள்.

இதே இதழில்தான் போன மழைக்காலத்தில் ஒரு வெள்ளப் படம் வந்தது. கீழே போட்டிருந்த நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடும். படத்திலோ பேருந்து முதல் சைக்கிள் வரை எல்லாம் வலப்பக்கம், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு. அன்றே எழுதினேன். பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை. மாணவர்கள் விரும்பிப் பார்த்த வரைபடப் புதிரை நிறுத்தி அங்கே விளம்பரம் போட்டதற்கும் எழுதினேன். அதற்கும் மௌனம்தான். மென்பொருளுக்கு என் கடிதங்கள் அகப்படவில்லையோ என்னவோ.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இனி அச்சிடும் வரைபடங்களில் அளவுகோலும் வடக்கைக் காட்டும் அம்புக்குறியும் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், தங்கள் நெடுநாள் வாசகர்